பாட்டியின் பட்டுக்கு எந்த லென்ஸ்?

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய பட்டுப்புடவை இருக்கிறதா? இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளைத் துணியில் சுற்றி, கூடவே ஒரு துண்டு வசம்பைப் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை நிழலில் ஆற்றி, மடிப்பை மாற்றி மறுபடியும் உள்ளே வைக்கிறோமே, அந்தப் புடவை! யாரும் உடுத்துவதில்லை. உடுத்தவும் முடியாது. மடிப்புக்கு மடிப்பு பட்டு விட்டுப் போயிருக்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. என் பாட்டியின் கல்யாணப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் தாழம்பூ ரேக்கும் மயில்கண்ணும். சென்ற வருஷம் ஆற்றப் போடும்போது ஒரு முழம் முந்தானை என் கையோடு வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டை மடித்துப் புடவையின் மேலேயே வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த நெசவாளர் பெரியவர் ஒருவர் இருக்கிறார். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரித்துப் பார்க்காமல், மடிப்பை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதே கரையை நெய்து கொடுத்துடலாம் அம்மா. ஆனா இதைத் தறிப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தினம் பிரிச்சுப் பார்த்தா ஒரு மாசம் தாங்காது. இழை எண்ற மாதிரி, அளவு மாறாம, எனக்கு ஒரு படம் வேணும்" என்றார்.

இவ்வளவுதானே என்று என் டெலிபோனை எடுத்து அங்கேயே ஒரு படம் பிடித்து நீட்டினேன். பெரியவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நடுவுல சரியா இருக்கு. ஓரத்துல கோடு வளையுது பாருங்க. பாட்டி கட்டின கரை எது, உங்க டெலிபோன் நெய்த கரை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். ஸ்கானர் ஒன்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதன் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினால், மிச்சம் இருக்கும் மடிப்பும் போய்விடும்.

அப்போதுதான் எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்தது.

பெரியப்பா காஞ்சிபுரத்தில் வெகு காலம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஸ்டூடியோவை மூடியபின் திருமுக்கூடலில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் அது. பெயர்தான் மூன்று ஆறு. நான் போகும்போதெல்லாம் மணல்தான் கூடியிருக்கிறது. எதிர்க்கரையில் பழைய சீவரம். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு அங்கே எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் வருவார். அந்த ஒரு நாளில்தான் ஊர் கொள்ளாத கூட்டம்.

அவர் வீட்டுக் கூடத்தில், பிள்ளையைத் தூளியில் போட்ட மாதிரி போர்வை போர்த்தி ஒரு காமிரா நிற்கும். தேக்கு மரம், பித்தளைக் கீல், நடுவே ஹார்மோனியத் துருத்தி மாதிரி ஒரு துருத்தி. ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி காமிரா. நம் தாத்தாக்களின் கல்யாணப் படங்களில் பல அந்த ஜாதிக் காமிராவில் எடுத்தவைதான். முன்பலகையில் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் அந்தக் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். இதில் பிலிம் சுருள் கிடையாது. எட்டரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், ஒரு படத்துக்கு ஒரு தகடு. இத்தனை பெரிய தகட்டில், பொருள் எவ்வளவு அளவோ அதே அளவில் படத்தை விழச் செய்யலாம். அந்த நெகடிவைக் காகிதத்தோடு ஒட்ட வைத்துப் பிரதி எடுத்தால் அதுவும் அதே அளவு. கரை மூன்று அங்குலம் என்றால் படத்திலும் மூன்று அங்குலம். நெசவாளர் கேட்டது இதுதான்.

காமிரா இருக்கிறது. லென்ஸ்? பெரியப்பாவிடம் இருந்த ஒரே லென்ஸ் கல்யாண கோஷ்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைக் கேட்காமலே சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். "கிட்டத்தில் எடுப்பதற்கு" என்றதும் கடைக்காரர் ஒரு லென்ஸை எடுத்து வைத்தார். முன்னூறு மில்லிமீட்டர், சின்னச் சொம்பு அளவு, ஒரு கிலோவுக்கு மேல் கனம், வாயைப் பார்த்தால் கிணறு மாதிரி பளபளப்பு. "நீளமான லென்ஸ்தாம்மா கிட்டக் காட்டும்" என்றார். என் மாதச் சம்பளத்தில் பாதி அங்கேயே இறங்கியது. அதைப் பிள்ளைத்தாய்ச்சி போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வாலாஜாபாத் வழியாகத் திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தேன்.

பெரியப்பா லென்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "துருத்தி எவ்வளவு நீளம்னு அளந்தியா?" என்றார்.

அளக்கவில்லை. நேயர்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பெரிய காமிராவுக்குக் கிட்டப் படம் எடுக்க லென்ஸ் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும் முன் எடுத்துக்கொண்டு போக வேண்டியது பணப்பையை அல்ல, அளவுநாடாவை.

விஷயம் இதுதான். வெகு தூரத்து மலையைப் படம் பிடிக்கும்போது லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி, அந்த லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் அளவே. பொருள் கிட்டே வர வர லென்ஸ் பிலிமை விட்டு முன்னே போயாக வேண்டும். பொருளும் படமும் ஒரே அளவாக வேண்டுமென்றால் அந்த இடைவெளி சரியாக இரண்டு பங்கு. முன்னூறு மில்லிமீட்டர் லென்ஸுக்கு அறுநூறு மில்லிமீட்டர், அதாவது அறுபது சென்டிமீட்டர் துருத்தி வேண்டும். பெரியப்பா எழுந்து துருத்தியைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்துக் காட்டினார். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்கு மேல் இழுத்தால் கிழியும்.

"இந்தச் சொம்பை வச்சா பாதி அளவுதான் வரும். மூணு அங்குலக் கரை ஒண்ணரை அங்குலமா விழும். அதுவும் ஓரம் மங்கி" என்றார்.

"ஓரம் ஏன் மங்கும்? இவ்வளவு விலை கொடுத்தேனே!"

"உன் அம்மா டெலிவிஷன் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஊசியில நூல் கோப்பாளா?"

மாட்டாள். அதற்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேறு. லென்ஸ்களிலும் அப்படித்தானாம். ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டுத் தீட்டும்போதே அது எந்தத் தூரத்துக்கு என்று தீர்மானித்துவிடுகிறார்கள். ஊரை, மலையை, வரிசையாக நிற்கும் மாப்பிள்ளை வீட்டாரைப் படம் எடுப்பதற்கென்று செய்த லென்ஸ், ஒரு முழத்துக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் தளர்ந்தும் காட்டும். துவாரத்தை நன்றாகச் சுருக்கினால் கொஞ்சம் தேறும். ஆனால் இழை எண்ணும் வேலைக்கு அந்தக் 'கொஞ்சம்' போதாது. என் லென்ஸ் மட்டமானதல்ல. நான் சொன்ன வேலை அதற்குத் தெரியாத வேலை.

அப்படியானால் எது? பெரியப்பா உள்ளே போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கட்டை விரல் உயரத்தில், முகத்தில் களையே இல்லாத ஒரு லென்ஸ். "பிளாக் கடை லென்ஸ்" என்றார்.

இதை நம் பத்திரிகைக் காரியாலயத்தில் உள்ள பழையவர்களிடம் சொன்னால் கண் பனிக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், ஓவியர் எழுதிய சித்திரத்தைப் பத்திரிகையில் அச்சிட வேண்டுமானால் அதை முதலில் ஒரு பெரிய காமிராவுக்கு எதிரே மாட்டிப் படம் எடுப்பார்கள். அதிலிருந்துதான் பிளாக், பிளேட் எல்லாம். அந்தக் காமிராவின் லென்ஸுக்கு மலையும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. பிறந்தது முதல் அது பார்த்ததெல்லாம் எதிரே நாலடிக்குள் தட்டையாக மாட்டிய ஒரு காகிதம். கோடு கோடாகவே இருக்க வேண்டும். நாலு மூலையும் நடுவைப் போலவே கூர்மையாக இருக்க வேண்டும். வர்ணப் படமென்றால் இன்னும் கஷ்டம். ஒரே சித்திரத்தை வெவ்வேறு வர்ணக் கண்ணாடி வழியாகத் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். சிவப்புக்கு ஓர் அளவு, நீலத்துக்கு ஓர் அளவு என்று லென்ஸ் காட்டினால் தொடர்கதைக் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு இடம் பெயர்ந்துவிடும்! எல்லா வர்ணத்தையும் ஒரே இடத்தில், ஒரே அளவில் குவிக்கும் அந்த ஜாதிக்குத்தான் 'அப்போ' என்று முன்பெயர். ஜெர்மனியின் ரோடன்ஸ்டாக் கம்பெனி செய்த அப்போ-ரோனார், கோயர்ஸ் செய்த அப்போ-ஆர்டார், ஜப்பானின் அப்போ-நிக்கார் எல்லாம் இந்த வம்சம். அந்த முன்பெயர் இல்லாவிட்டாலும் ஷ்னைடரின் ஜி-க்ளாரானும் இதே உத்தியோகத்துக்குப் பிறந்ததுதான். பெரியப்பாவின் பஞ்சுக்குள் இருந்தது 210 மில்லிமீட்டர் ஜி-க்ளாரான். பிளாக் கடை ஒன்றைக் கலைத்தபோது பழைய இரும்போடு இரும்பாகப் போகவிருந்ததை எடை போட்டு வாங்கி வைத்தாராம். உலகமெங்கும் அச்சகங்கள் இவற்றைக் கழித்துக் கட்டியதால், பழைய சாமான் சந்தையில் இவை இன்றும் அகப்படுகின்றன.

இப்போது அளவுநாடாவைப் போடுங்கள். 210-ஐ இரண்டால் பெருக்கினால் 420. துருத்தி 450. முப்பது மில்லிமீட்டர் மிச்சம்! அப்போ-ரோனாரில் 240 மில்லிமீட்டர் ஒன்று உண்டு. அதுவும் தங்கமான லென்ஸ்தான். ஆனால் 480 கேட்கும், எங்கள் துருத்திக்கு எட்டாது.

"அப்படின்னா இன்னும் சின்னதா, 150 வாங்கினா துருத்தியே இழுக்க வேண்டாமே?" என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். துருத்தி விஷயத்தில் அது சரி. ஆனால் லென்ஸுக்கு முன்னாலும் அதே கணக்குத்தான். ஒரே அளவில் படம் எடுக்கும்போது பொருள் லென்ஸுக்கு முன்னால் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். 150 என்றால் புடவை முப்பது சென்டிமீட்டரில் நிற்கும். இந்தத் தேக்குமரப் பெட்டியை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் காமிராவின் நிழலே புடவை மேல் விழும். வெளிச்சம் எந்தப் பக்கம் நுழையும்? 210-க்கு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் ஒரு விளக்கை எட்டிப் பார்க்க வைக்க அது போதும். புடவைக்குப் பதில் ஜிமிக்கியோ, குத்துவிளக்கோ, முன்னும் பின்னும் கனமுள்ள எதையாவதோ எடுப்பதானால் நான் வாங்கிய சொம்பு போல நீண்ட லென்ஸே நல்லது. எட்ட நின்று பார்ப்பதால் முன்பக்கம் ஊதியும் பின்பக்கம் சூம்பியும் தெரியாது. ஆனால் அதற்குத் தகுந்த துருத்தி உள்ள காமிராவும் வேண்டும். ஆக, துருத்தி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீளம்; அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

பிளாக் கடை லென்ஸுக்கு ஒரு குறை உண்டு. வெளிச்சம் போதாது. என் சொம்பின் துவாரம் எப்/4.5, இது எப்/9. நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து ஒரு நிமிஷம் கண்ணைப் பழக்கிய பிறகுதான் கண்ணாடியில் ஏதோ இருப்பதே தெரிந்தது. எங்களுடையதில் ஷட்டரும் இல்லை. மூடியைக் கழற்றினால் ஆரம்பம், போட்டால் முடிவு. புடவை ஓடிப் போகிறதா என்ன, இதெல்லாம் ஒரு குறையா என்கிறார் பெரியப்பா. பாத்திரம் சின்னதாக இருக்கிறதே, பெரிய தகட்டின் மூலை வரை எட்டுமா என்றும் கேட்டேன். தூரத்துக் காட்சிக்குச் சந்தேகம்தான். ஒரே அளவில் எடுக்கும்போது லென்ஸ் வீசும் வட்டம் இரண்டு மடங்காக விரிந்துவிடுமாம். தகட்டை மூடி மிச்சம் வழியும்.

லென்ஸ் கிடைத்துவிட்டது, உடனே புடவையை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறக்கப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்துவிட்டார். "புடவையை எத்தனை தடவை பிரிக்க முடியும்னு நினைக்கிறே? முதல்ல அவசரப்படாத ஒண்ணுக்கிட்டப் போய்ப் பழகுவோம்."

திருமுக்கூடலில் அவசரப்படாதது எது? கோயில் சுவர்தான். அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐம்பத்தைந்து வரி. வரி என்றால் நம் நோட்டுப் புத்தக வரியல்ல. சுவரின் நீளத்துக்கு ஓடுகிற வரி. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 21-ஆம் தொகுதியில் வெளியிட்டார். சுமார் 950 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும் நடந்த விவரம் அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதினைந்து படுக்கை. கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன் என்ற வைத்தியர். சல்லியக்கிரியை செய்ய, அதாவது அறுவைக்கு, தனியாக ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள். இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக வெட்டியிருக்கின்றன. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று நீளுகிறது பட்டியல். மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கு எண்ணெய் கொடுக்கவும் ஏற்பாடு. பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் எண்ணெய்க்குத் துரத்திப் பிடிக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முக்காலி வைத்துப் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வாங்கிக்கொண்டோம். சுவரில் இரண்டடிக்குச் சற்று அதிகமான ஒரு பகுதியைத் தகட்டுக்குள் அடக்கினோம். அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவு. அதற்குத் துருத்தி இருபத்தெட்டு சென்டிமீட்டர் போதும். சுவரிலிருந்து லென்ஸ் எண்பத்துநாலு சென்டிமீட்டர். இதே படத்தை என் சொம்பு லென்ஸில் எடுக்க நாலடிக்குத் தள்ளி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் காமிரா, காமிராவுக்குப் பின்னால் போர்வை, போர்வைக்குள் பெரியப்பா! நீண்ட லென்ஸ் இடத்தையும் தின்கிறது.

சுவருக்கும் பிலிமுக்கும் ஒரு நூல்கூடச் சாய்வு இருக்கக் கூடாது. அதற்கு அவர் செய்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. என் கைப்பைக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டப் பிடிக்கச் சொன்னார். பின்னால் போய்ப் பார்த்து, அந்தக் கண்ணாடிக்குள் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் விழும் வரை முக்காலியின் கால்களை நகர்த்தினார். விழுந்ததா, சாய்வு இல்லை என்று அர்த்தம். பவுடர் பூசுவதைத் தவிர அந்தக் கண்ணாடிக்கு வேறு உபயோகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

விளக்கை நேரே வைத்துப் பார்த்தோம். கல்லில் ஒரு எழுத்தும் இல்லை. பக்கவாட்டில், சுவரை உரசிக்கொண்டு வரும்படி வைத்ததும் எழுத்து ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நின்றது. தேய்ந்துபோன இடத்தில் நிழலும் தேய்ந்து தெரிந்தது. நான் கழுத்தை நீட்டித் தேடினேன். எனக்குப் படிக்க முடிந்தது இரண்டே எழுத்து.

இத்தனை நீளக் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. பகுதி பகுதியாக எடுத்து ஒட்ட வேண்டும். இதைத் தமிழ்நாட்டில் ஒருவர் 1858-லேயே செய்திருக்கிறார். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ காப்டன், சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமனம் பெற்றவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 துண்டுகளாகப் படம் எடுத்து, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக ஒட்டினார். சின்ன நெகடிவைப் பெரிதாக்குவது அன்றைக்கு வழக்கத்தில் இல்லை. படம் எவ்வளவோ, காமிராவும் அவ்வளவு. அதைத் தஞ்சாவூர் வெயிலில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் அதே தூரம், அதே அளவு மாறாமல் நகர்ந்திருக்கிறார். ஒரு துண்டின் ஓரம் வளைந்தாலும் அடுத்த துண்டோடு வரி சேராது. எங்கள் நெசவாளர் டெலிபோன் படத்தில் கண்ட குறையும் அதுதானே! 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், போட்டோ இலாகா ஒரு ஆடம்பரம் என்று கருதி அதை மூடச் செய்தார். சிக்கனத்தில் முதலில் கண்ணில் படுவது எப்போதும் படம் எழுதுகிறவர்களும் எடுக்கிறவர்களும்தான் போலிருக்கிறது. இதைக் காரியாலயத்தில் உரக்கச் சொல்ல மாட்டேன்.

கல்லில் ஆறு தகடு பழகிய பிறகு புடவைக்கு வந்தோம்.

பிலிம், எக்ஸ்-ரே பிலிம். பத்துக்கு எட்டு அங்குலத்தில் கிடைப்பதை மங்கலான சிவப்பு விளக்கில் வெட்டிக்கொண்டோம். சாதாரண பெரிய தகட்டுப் பிலிமைவிட மலிவு. ஆனால் அதற்குச் சிவப்புத் தெரியாது. அரக்குப் புடவை சுத்தக் கறுப்பாக விழும். பச்சைக் கரை வெளுப்பாக விழும். எங்களுக்கு வேண்டியது கரை என்பதால் சரி. சிவப்புக் கரையில் சிவப்பு வேலைப்பாடு உள்ளவர்கள் இந்தப் பிலிமுக்குப் போகாதீர்கள்.

வெள்ளைத் துணி போர்த்திய சாய்வுப் பலகையில் அம்மாதான் மடிப்பைப் பிரித்து வைத்தாள். குண்டூசி கிடையாது. பக்கத்தில் ஒரு அளவுகோல். பெரியப்பா துருத்தியை நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு இழுத்துத் திருகை இறுக்கினார். நான் குவிப்பதற்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினேன். படம் பெரிதாகிறது, சின்னதாகிறது. தெளிவு மட்டும் வரவில்லை. ஒரே அளவில் எடுக்கும்போது லென்ஸை நகர்த்தினால் அப்படித்தான், பிடி கொடுக்காது. லென்ஸையும் துருத்தியையும் விட்டுவிட்டு முழுக் காமிராவையும் ஒரு மயிரிழை தள்ள வேண்டும். அவர் தள்ளினார்.

பால் போன்ற அந்தக் கண்ணாடியில் இருட்டுக்குள்ளிருந்து மயில்கண் ஒன்று தலைகீழாக எழுந்து வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஜரிகை என்றால் பொன் கம்பி என்று நினைத்திருந்தேன். சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிச் சுற்றி, பொன் பூசுகிறார்கள். பாட்டியின் இடுப்புப் பக்கம் உரசிய இடங்களில் வெள்ளி போய், உள்ளே இருந்த சிவப்பு இழை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். கறுப்புத் துணிக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

வெளிச்சமானி 2 விநாடி என்றது. அதை அப்படியே நம்பினால் படம் இருட்டாகப் போகும். துருத்தி இரண்டு மடங்கு நீண்டால் பிலிமுக்கு எட்டும் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே எட்டு விநாடி. அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் பிலிமும் கொஞ்சம் சோம்பும் என்று பன்னிரண்டாக்கினார். துவாரம் எப்/22. இன்னும் சுருக்கினால் நல்லதுதானே என்று 64-க்குப் போகாதீர்கள். துருத்தி நீண்டதால் அது 128 போல வேலை செய்யும். ஊசித் துவாரத்தில் ஒளி சிதறி எல்லாமே கொஞ்சம் மழுங்கிவிடும். தட்டையான பொருளுக்கு 22 தாராளம்.

முதல் தகட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாடிப்படியில் தடதடவென்று இறங்கினான். படம் ஆடியது. இரண்டாவது, மூன்றாவது நன்றாக வந்தன. அம்மா மடிப்பை மூடினாள். மொத்தம் நாற்பது நிமிஷம். ஒரு இழை புதிதாக விடவில்லை.

பிரதியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனோம். பெரியவர் முதலில் தன் அளவுகோலைப் படத்து அளவுகோலின் மேல் வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு சேர்ந்தது. பிறகு பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் பேசவே இல்லை. கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சில் ஓடியது. நாங்கள் இரண்டு முறை காப்பி குடித்தோம். ஐந்தாவது மயில்கண் வந்ததும் பென்சில் நின்றது.

"இங்க ஒரு இழை தாண்டியிருக்கு அம்மா. நெய்தவர் கை தவறியிருக்கார். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இதைச் சரி பண்ணிடட்டுமா, இருக்கிறபடி நெய்யட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த இடத்தைத் தேடினாள். அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர் விரலால் காட்டினார்.

"இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றாள்.

தை மாதத்துக்குள் அறுத்துக் கொடுப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். என் முன்னூறு மில்லிமீட்டர் சொம்பு இப்போது பெரியப்பா வீட்டுக் கூடத்தில், பஞ்சு சுற்றி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் நுழையாததால் ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது.